டயருக்கு எவ்வளவு காற்று? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகனப் பராமரிப்புப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் பல, கார் டயரின் காற்றமுக்கம் பற்றியே கேட்டிருந்தன. எனவே இம்முறை இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: யப்பானிலிருந்து வந்த பாவித்த கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். பெற்றோல் நிலையத்தில் நிற்கும் தம்பி நான்கு சக்கரத்துக்கும் 35 அடிக்கிறார். டயர் கடைக்காரர் 32 போதும் என்கிறார். எனது மச்சானோ டயரின் பக்கவாட்டில் 44 என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி, டயர் செய்தவனே சொல்லியிருக்கும்போது வேறு யாரைக் கேட்க வேண்டும் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: மூவருள் எவரும் உங்கள் காரைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதுதான் இங்குள்ள பிழை. சாரதியின் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் தூணைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். சில கார்களில் அது கதவின் உள்விளிம்பிலோ எரிபொருள் தாங்கியின் வாய்மூடியின் உட்புறத்திலோ இருப்பதும் உண்டு. உங்கள் காரின் எடை, அந்த எடை முன்னும் பின்னும் பங்கிடப்படும் விதம், அதற்கென்று தெரிவுசெய்யப்பட்ட டயரின் அளவு ஆகிய மூன்றையும் கருத்திற்கொண்டு காரைச் செய்த நிறுவனம் தீர்மானித்த அமுக்கம் அதிலேதான் எழுதப்பட்டுள்ளது. சரியான எண் அதுவே.

யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்களில் அந்த ஸ்டிக்கர் யப்பானிய மொழியில் இருப்பதால், நம்மில் பலர் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். எழுத்துகள் புரியாவிட்டாலும் இலக்கங்கள் புரியும். 220, 230, 240 என்று மூன்று இலக்கத்தில் இருப்பது கிலோபாஸ்கலில் தரப்பட்ட அமுக்கம். அதன் அருகே அடைப்புக்குறிக்குள் 2.2, 2.3 என்று இருப்பது சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோகிராம் என்ற அளவு. நம் ஊரில் எல்லோரும் பேசுவது பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற கணக்கு. கிலோபாஸ்கலை 6.9 ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். 210 என்பது ஏறக்குறைய முப்பதரை, 220 என்பது 32, 230 என்பது முப்பத்து மூன்றரைக்குச் சற்றுக் குறைவு, 240 என்பது 35, 250 என்பது 36. முன் சக்கரத்துக்கு ஓர் எண்ணும் பின் சக்கரத்துக்கு வேறோர் எண்ணும் இருந்தால், எது எதற்கு என்பதை ஊகித்து முடிவு செய்யாதீர்கள். கைத்தொலைபேசியின் கமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் செயலிகள் இன்று எல்லோரிடமும் உண்டு.

உங்கள் மச்சான் காட்டிய 44 ஒரு பொய்யான எண் அல்ல. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். அந்த டயர் குளிர்ந்த நிலையில் தாங்கக்கூடிய உச்ச அமுக்கத்தையே அது குறிக்கிறது. ஒரே அளவுடைய டயர் பாரம் குறைந்த சிறிய காருக்கும் பாரமான காருக்கும் பொருந்தும். அது எந்தக் காரில் ஏறப்போகிறது என்பது டயரைச் செய்தவருக்குத் தெரியாது. பாலத்தின் முகப்பில் எழுதப்பட்டிருக்கும் உச்சப் பாரத்தைப் பார்த்துவிட்டு, கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனமும் அவ்வளவு பாரத்தை ஏற்றியாக வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை அல்லவா?

இதனை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஒரு காரின் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 250 கிலோகிராமைத் தாங்குகிறது. 220 கிலோபாஸ்கல் அமுக்கத்தில் அந்தச் சக்கரம் வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 110 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. அது ஒரு தபாலட்டையை விடவும் சற்றுச் சிறியது. காரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த நான்கு தபாலட்டைகள்தான். காற்றைக் கூட்டினால் அவை சுருங்குகின்றன; குறைத்தால் டயரின் ஓரங்கள் பாரத்தைச் சுமக்க, பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறுகிறது. நெடுந்தூர ஓட்டத்தில் டயர் வெடிப்பதற்கு, காற்று குறைந்த டயரில் இவ்வாறு சேரும் சூடு ஒரு முக்கிய காரணம்.

உங்கள் காரில் இப்போது பூட்டியிருக்கும் டயரின் அளவு ஸ்டிக்கரில் உள்ள அளவுடன் ஒத்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திராவிட்டால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அனுபவமுள்ள டயர் கடையில் ஸ்டிக்கரையும் டயரையும் ஒன்றாகக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: நான் பாடசாலைக்குக் காரில் தனியே சென்று வரும் ஆசிரியை. காற்றைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்க விருப்பமில்லை. இதனை நானே செய்ய முடியுமா? எந்த நேரத்தில் செய்ய வேண்டும்? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: தாராளமாகச் செய்யலாம், நீங்களே செய்வதுதான் மிகச் சரியான அளவைத் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏனெனில் ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. கார் குறைந்தது மூன்று மணித்தியாலம் ஓடாமல் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவான தூரமே ஓடியிருக்க வேண்டும். வீட்டு வாசலில், வெயில் ஏறுவதற்கு முன், பாடசாலைக்குப் புறப்படுமுன் அளப்பதற்கு ஈடான நேரம் வேறில்லை. பெற்றோல் நிலையத்துக்கு ஓடிச் சென்று சேர்வதற்குள் டயர் சூடேறத் தொடங்கிவிடும்.

அமுக்கமானி ஒன்றும், காருக்குள் சிகரெட் பற்றவைப்பதற்கென இருக்கும் 12 வோல்ற் துளையில் செருகி இயக்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றும் போதும். யப்பானியச் சிறிய கார்கள் பலவற்றில் மேலதிகச் சக்கரத்துக்குப் பதிலாக ஒட்டும் திரவமும் ஒரு சிறிய பம்பியும் பின்பக்கத் தரைப்பலகையின் கீழ் வைக்கப்பட்டிருக்கும்; வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை பாருங்கள். வால்வின் மூடியைக் கழற்றி, மானியின் வாயை வால்வின் மீது நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். காற்று சீறும் ஓசை நின்ற பின் காட்டும் எண்ணே சரியான எண். சீற்றம் நிற்காவிட்டால் மானி சாய்ந்திருக்கிறது என்று பொருள். எடுத்து மீண்டும் வையுங்கள். குறைவாக இருந்தால் அடித்து, மீண்டும் அளந்து, மூடியை இறுக்குங்கள். நான்கு சக்கரத்துக்கும் பத்து நிமிடம் போதும். மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முந்திய நாளும் இதனைச் செய்தால் போதுமானது. எந்தப் பழுதும் இல்லாத டயர்கூட இறப்பரின் ஊடாகக் கசிந்து மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. காற்றை இழக்கும்.

சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்காதீர்கள். இதனை நான் அனுபவித்தே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், கச்சான் காற்று வீசும் மாதமொன்றில், திருகோணமலையிலிருந்து நண்பகலில் திரும்பிக்கொண்டிருந்தபோது வழியில் ஓரிடத்தில் காற்றைப் பார்க்கச் சொன்னேன். முப்பத்திரண்டு இருக்க வேண்டிய சக்கரங்கள் முப்பத்தேழு காட்டின. கூடிவிட்டது என்று சொல்லி அங்கிருந்தவர் நான்கையும் முப்பத்திரண்டுக்கு இறக்கினார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாட்காலை அளந்தபோது இருபத்தெட்டும் இல்லை. நடந்தது இதுதான்: டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அமுக்கம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். ஓடும்போது காற்று 30 பாகை வரை சூடேறுவது வழமை. அந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் நிறுவனம் குளிர்நிலை எண்ணைத் தந்துள்ளது. வழியில் பார்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், சூடான டயரின் எண் ஸ்டிக்கரில் உள்ளதை விட நான்கு, ஐந்து பி.எஸ்.ஐ. வரை கூடியிருப்பதை இயல்பாகக் கொள்ளுங்கள். சூடான நிலையிலேயே ஸ்டிக்கர் எண்ணுக்கு அது கீழே நின்றால், நிச்சயமாகக் காற்று போதாது. அடித்துக்கொண்டு, காலையில் மீண்டும் பாருங்கள்.

காலால் உதைத்துப் பார்ப்பதையும் கண்ணால் மதிப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். இன்றைய ரேடியல் டயர்கள் சரியான காற்றிலும் அடியில் சற்றுப் புடைத்தே தெரியும். 32 உள்ள டயரையும் 25 உள்ள டயரையும் கண்ணால் பிரித்தறிவது, பழகியவர்களுக்கும் கடினம்.

கேள்வி: 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சிக்கனத்துக்காக எனது வாப்பா காரின் டயர்களுக்கு 40 அடிக்கத் தொடங்கினார். ஸ்டிக்கரில் இருப்பது 33. தட்டுப்பாடு முடிந்த பிறகும் அவர் மாற்றவில்லை. இதனால் உண்மையில் எரிபொருள் மிச்சமாகிறதா? (வாசகர், காத்தான்குடி)

பதில்: கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் மட்டும் பெற்று ஓடிய அந்த மாதங்களில், ஒரு துளியையேனும் மிச்சப்படுத்த உங்கள் வாப்பா எண்ணியதில் குற்றம் காண முடியாது. ஆயினும் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க அரசு மக்களுக்கு வெளியிடும் எரிபொருள் சிக்கனத் தகவல்களின்படி, நான்கு டயர்களின் சராசரி அமுக்கம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும்போது ஏறக்குறைய 0.2 வீத எரிபொருள் வீணாகிறது. பத்து பி.எஸ்.ஐ. குறைவாக ஓடினாற்கூட இழப்பு 2 வீதம்; 20 லீற்றரில் 400 மில்லிலீற்றர். உரிய அளவுக்கு மேலே ஏற்றுவதால் கிடைப்பதும் அந்த அளவைத் தாண்டாது.

அந்தச் சிறு மிச்சத்துக்குக் கொடுக்கும் விலையோ பெரிது. 33 இலிருந்து 40 ஆக்கும்போது சக்கரம் வீதியைத் தொடும் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஈர வீதியில் பிறேக் அடித்தால் கார் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். குழியில் விழும்போது டயர் நெகிழ்ந்து கொடுக்காமல் அடியை றிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் கடத்தும். அத்துடன் டயரின் நடுப்பகுதி மட்டும் விரைவாகத் தேய்ந்து, ஓரங்களில் நல்ல இறப்பர் இருக்கும்போதே டயரை மாற்ற வேண்டி வரும். ஒரு டயரின் விலைக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் வாங்கலாம் என்பதை உங்கள் வாப்பாவே கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு நாணயத்தை டயரின் நடுப் பள்ளத்திலும் ஓரப் பள்ளத்திலும் நிறுத்தி, இரண்டின் ஆழத்தையும் அவருக்கே காட்டுங்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசாமல் செய்தியைச் சொல்லிவிட அது போதும்.

கேள்வி: மழை காலத்தில் வீதி வழுக்குவதால் காற்றைச் சற்றுக் குறைத்து ஓடினால் பிடிப்புக் கூடும் என்று பலரும் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: செய்யவே கூடாது. இங்கு பரவியிருக்கும் கருத்துகளுள் மிகவும் ஆபத்தானது இதுதான் என்று நினைக்கிறேன். வீதியில் நீர் தேங்கியிருக்கும்போது, டயர் அந்த நீரைப் பிளந்து பக்கங்களுக்குத் தள்ளித் தரையைத் தொட வேண்டும். வேகம் கூடக்கூட நீருக்கு விலகிச் செல்ல நேரம் போதாமல், அது டயரின் கீழ் ஓர் ஆப்புப் போல் புகுந்து சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கும் பிறேக்கும் கையிலும் காலிலும் இருந்தும் பயனில்லை. நீரை எதிர்த்துத் தள்ளும் வலிமையை டயருக்குத் தருவது அதனுள் இருக்கும் காற்றமுக்கமே.

விமானங்களின் சக்கரங்களைக் கொண்டு நாசா நடத்திய பரிசோதனைகளின் அடிப்படையில் 1963 இல் வெளியான ஓர் எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: பி.எஸ்.ஐ. அளவின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், சக்கரம் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். கிலோமீற்றரில் சொன்னால், 32 பி.எஸ்.ஐ. உள்ள டயருக்கு அது ஏறக்குறைய 94. 25 உள்ளதற்கு 83. 20 உள்ளதற்கு 74. நகருக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 70 என்பதை நினைவில் வைத்து இந்த எண்களை மீண்டும் பாருங்கள். சரியான காற்றுடன் ஓடுபவருக்கும் ஆபத்துக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கிறது. காற்றைக் குறைத்தவர் அந்த இடைவெளியைத் தாமே அழித்துக்கொள்கிறார். இதுவும் பள்ளங்கள் தேயாத டயருக்கான கணக்கு அல்ல. நீர் ஆழமாகவும் டயர் மொட்டையாகவும் இருக்கும் நிலையையே அது குறிக்கிறது. நல்ல பள்ளங்கள் இருந்தால் நிலைமை இன்னும் சாதகமாகும்.

நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் நமது பிரதான வீதிகளின் தாழ்ந்த இடங்களில் நீர் நிற்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே ஒக்ரோபர் முடிவதற்குள் காற்றையும் டயரின் பள்ளங்களையும் சேர்த்துப் பாருங்கள். மழை நாளில் குறைக்க வேண்டியது வேகத்தை மட்டுமே.

கேள்வி: கடற்கரை மணலில் கார் புதைந்துவிட்டால் காற்றை இறக்கினால் வெளியே வரலாம் என்பது உண்மையா? (வாசகர், பொத்துவில்)

பதில்: உண்மை. மேலே மழைக்குச் சொன்னதற்கு இது முரண் அல்ல. மணலில் சிக்கல் வழுக்குவதால் வருவதில்லை. பாரம் ஒரு சிறிய பரப்பில் குவிவதால் சக்கரம் கீழே இறங்குகிறது. காற்றைக் குறைத்தால் டயர் முன்னும் பின்னுமாக நீண்டு படிந்து, பாரம் பரவும். 18 அல்லது 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னுள்ள மணலைக் கையால் அகற்றி, அக்சிலறேற்றரை மெதுவாக அழுத்தி நேராக வெளியேறுங்கள். ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினால் குறைந்த காற்றுள்ள டயர் றிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

ஆனால் கையில் பம்பி இல்லாவிட்டால் இதில் இறங்காதீர்கள். அந்தக் காற்றுடன் தார் வீதியில் ஏறிச் சாதாரண வேகத்தில் ஓடினால், பக்கச்சுவர் உள்ளுக்குள்ளே நொறுங்கிவிடும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மணலைத் தாண்டிய இடத்திலேயே நிறுத்தி, முழு அளவுக்கு நிரப்பிவிட்டுப் புறப்பட வேண்டும்.

கேள்வி: குடும்பத்துடன் நுவரெலியாவுக்குப் போக இருக்கிறோம். அங்கே குளிர் என்பதால் டயரின் காற்றுக் குறைந்துவிடும் என்றும், முன்கூட்டியே கூட்டி அடிக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். இன்னொருவர் மலைக்குப் போனால் காற்று விரியும், குறைக்க வேண்டும் என்கிறார். (வாசகி, செங்கலடி)

பதில்: உங்கள் ஊரில் தொடங்கும் ஏ5 வீதியே மகாஓயா, பிபிலை, பதுளை வழியாக உங்களை நுவரெலியாவுக்குக் கொண்டு சேர்க்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்துக்கு அந்த ஒரே வீதியில் ஏறுகிறீர்கள். சொன்ன இருவருமே பாதிப் பாதி சரி. கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே மகிழ்ச்சி தந்த விடயம் இது.

செங்கலடியில் 30 பாகையில் 32 பி.எஸ்.ஐ. காட்டும் டயர், நுவரெலியாவின் அதிகாலையில் 12 பாகைக்குக் குளிரும்போது ஏறக்குறைய 2.8 பி.எஸ்.ஐ. இழக்கும். அதேவேளை, நமது மானி அளப்பது டயருக்கு உள்ளே இருக்கும் அமுக்கத்துக்கும் வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசத்தையே. கடலோரத்தில் 14.7 பி.எஸ்.ஐ. ஆக இருக்கும் வளிமண்டல அமுக்கம் நுவரெலியாவில் ஏறக்குறைய 11.7 தான். வெளியே மூன்று குறைவதால் மானி மூன்று கூடுதலாகக் காட்டும். ஒன்று கழிய மற்றது கூட, காலையில் அளந்தால் அநேகமாக 32 தான் காட்டும்! எனவே கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குடும்பம் முழுவதும் பயணப் பொதிகளுடன் ஏறுவதால், ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று வேறோர் எண் தரப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இருந்தால் புறப்படும் நாட்காலையில் அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறுவடைக் காலத்தில் காரின் பின்பக்கத்தில் இரண்டு மூடை நெல் ஏற்றுவதுண்டு. அப்போது பின் சக்கரத்துக்குக் கூட்ட வேண்டுமா? (வாசகர், சம்மாந்துறை)

பதில்: ஸ்டிக்கரில் பாரத்துக்குரிய எண் இருந்தால் அந்த அளவுக்குக் கூட்டுங்கள், பாரத்தை இறக்கிய பின் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஓர் எண் இல்லாவிட்டால், தரப்பட்ட ஒரே எண்ணே முழுப் பாரத்துக்கும் பொருந்தும். ஆனால் காருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தப் பாரத்தைக் காற்றால் கூட்ட முடியாது. பின் ஆசனத்தில் மூவர் இருக்கையில் மூடைகளையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நைதரசன் நிரப்பினால் நல்லது என்கிறார்களே? (வாசகர், கல்முனை)

பதில்: நாம் சுவாசிக்கும் வளியில் 78 வீதம் ஏற்கெனவே நைதரசன்தான். தூய நைதரசன் இறப்பரின் ஊடாக ஒட்சிசனை விட மெதுவாகக் கசியும் என்பதும், அதில் ஈரப்பதன் இல்லை என்பதும் உண்மை. விமானங்களுக்கும் ஓட்டப்பந்தயக் கார்களுக்கும் அதனால் பயனுண்டு. நமது அன்றாட ஓட்டத்துக்கு அதற்கெனக் காசு கொடுக்கத் தேவையில்லை. நைதரசன் அடித்தவர்களும் மாதம் ஒருமுறை அளக்கத்தான் வேண்டும். நைதரசன் உள்ள டயருக்குச் சாதாரணக் காற்றை அடித்தால் எந்தக் கேடும் வராது.

கேள்வி: எனது காரில் டயர் காற்று எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது எரியாத வரை அளக்காமல் இருக்கலாமா? (வாசகர், ஏறாவூர்)

பதில்: இருக்கக்கூடாது. அந்த விளக்கு பிந்தியே எரியும். அமெரிக்கச் சட்டம் கேட்பதே, உரிய அமுக்கத்தில் 25 வீதம் குறைந்த பின் எச்சரித்தால் போதும் என்பதுதான். 32 தேவைப்படும் டயர் 24 ஆகும்வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். திடீரெனக் காற்று இறங்குவதை அறிவிப்பதற்கு அது பெரிய உதவி. மாதாந்தம் அளப்பதற்கு அது ஈடாகாது.

கேள்வி: காருடன் வந்த மேலதிகச் சக்கரம் மற்றவற்றை விட ஒடுக்கமாக இருக்கிறது. அதற்கும் 32 தானா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இல்லை. அந்த ஒடுக்கமான தற்காலிகச் சக்கரத்துக்கு வழக்கமாக 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. வேண்டும், அதன் பக்கவாட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். பலர் அதனை ஆண்டுக்கணக்காகப் பார்ப்பதேயில்லை. நள்ளிரவில், பாணமை வீதி போன்ற ஆளரவமற்ற ஓரிடத்தில், அது காற்றின்றிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பதை விட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அளப்பது நல்லது. அதனைப் பூட்டினால் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடாமல், அருகிலுள்ள டயர் கடைவரை மட்டும் செல்லுங்கள்.

கேள்வி: இடது முன் சக்கரம் மட்டும் வாரத்துக்கு நான்கு, ஐந்து பி.எஸ்.ஐ. குறைகிறது. டயர் கடையில் நீரில் அமிழ்த்திப் பார்த்து, ஆணி எதுவும் இல்லை என்றார்கள். (வாசகர், திருக்கோவில்)

பதில்: கடலோர ஊர்க் கார்களில் நான் அடிக்கடி கண்ட குறைபாடு இது. டயரின் விளிம்பு றிம்மில் படியும் இடத்தை உப்புக் காற்று அரித்திருந்தால், அங்கே மிக நுண்ணியதாகக் கசியும். தொட்டியில் அமிழ்த்தும்போது அந்தக் குமிழிகள் கண்ணுக்குத் தப்பிவிடலாம். சவர்க்கார நீரைத் தடிப்பாகக் கரைத்து, டயரும் றிம்மும் சேரும் விளிம்பு முழுவதும் இரு பக்கமும் தடவி ஐந்து நிமிடம் காத்திருங்கள். வெண்ணுரை மெதுவாகப் பொங்கும் இடமே பழுதுள்ள இடம். டயரைக் கழற்றி, றிம்மின் விளிம்பைத் துருப் போகத் தேய்த்துச் சுத்தம்செய்து, விளிம்புப் பசை பூசித் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன் வால்வின் வாயிலும் ஒரு துளி சவர்க்கார நீர் விடுங்கள். குமிழி எழுந்தால், உள்ளே இருக்கும் சிறிய வால்வு ஊசி பழுது. அதனைக் கழற்றிப் புதியதைத் திருகச் சில நிமிடமும் சிறு தொகையும் போதும். அவ்வூசி பழுதாவதற்கு மணலே பெரும்பாலும் காரணம். உங்கள் சக்கரத்தில் வால்வு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே ஒன்றைப் பூட்டுங்கள்.